‘அபெத்தோன்’ யார்? ஆளா, இடமா?
பொம்மசந்திராவில் ஷிஃப்ட் முடித்து வந்து ‘டோட்டா 2’ ஆடுபவரா நீங்கள்? அதில் வரும் ‘அபடான்’ பெயர்தான் தமிழ் பைபிளில் ‘அபெத்தோன்’. சாத்தானோட இன்னொரு பெயர்னு முடிவு கட்டிடாதீங்க.

‘அவத்’ என்ற எபிரெய வேர்ச்சொல்லுக்கு அழிந்துபோதல், தொலைந்துபோதல் என்று பொருள். அதில் பிறந்த இந்தப் பெயர் பழைய ஏற்பாட்டில் 6 முறை வருகிறது. அதில் பாதி இடங்களில் பாதாளத்துக்கு ஜோடியாக, செத்தவர்களின் இடமாக.

தமிழில் படித்தால் ஒரே சொல் என்றே தெரியாது. பழைய மொழிபெயர்ப்பில் நீதிமொழிகளில் ‘அழிவு’, யோபுவில் ஒரு இடத்தில் ‘நரகம்’, இன்னொரு இடத்தில் ‘நாசம்’. இதில் ‘நரகம்’ கொஞ்சம் ஓவர்: மூலச்சொல்லில் இருப்பது அழிவுதான், தண்டனை அல்ல.

வெளிப்படுத்தின விசேஷம் 9:11-இல்தான் அது ஓர் ஆளாகிறது. வெட்டுக்கிளிப் படையின் ராஜா, பாதாளத்தின் தூதன். கிரேக்கத்தில் ‘அப்பொல்லியோன்’, அதாவது அழிப்பவன். அங்கேயும் ‘சாத்தான்’ என்ற சொல் இல்லை.