பனி இரவில் ஒரு படிக்கட்டு

சென்ற வாரம் கேண்டியை நியூயார்க் ரயிலில் ஏற்றிவிட்டு 'தொடரும்' போட்டேன். ஒரு வாரம் காக்க வைத்துவிட்டேன் என்று திட்டியிருப்பீர்கள். அன்றைய ஜப்பானியச் சிறுமிகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 'கேண்டி கேண்டி' மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வந்துகொண்டிருந்த 'நகயோஷி' மாத இதழ். 'தொடரும்' போட்டால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்!

கேண்டியின் கையில் ஒருவழி டிக்கெட். அனுப்பியவன் அவள் காதலன், நாடக நடிகன் டெர்ரி. ஊர் திரும்ப டிக்கெட் வைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவளுக்கும் புரிந்தது, வாசகிகளுக்கும் புரிந்தது. டெர்ரி ரோமியோவாக மேடையேறும் முதல் நாள். நாடகம் முடிந்தால் அடுத்தது கல்யாணப் பேச்சுதான்.

ஆனால் டெர்ரியின் முகத்தில் களையே இல்லை.

ஏன் என்பது நாடக அரங்கில் தெரிந்தது. யாரோ பேசிக்கொண்டது கேண்டியின் காதில் விழுந்தது. ஜூலியட்டாக நடிக்க வேண்டியவள் சூசன்னா. ஒத்திகையில் விளக்கு அறுந்து விழுந்தபோது, டெர்ரியைத் தள்ளிவிட்டுத் தான் அகப்பட்டுக்கொண்டாள். அவன் பிழைத்தான். அவளுக்கு ஒரு கால் போயிற்று.

கேண்டி மருத்துவமனைக்கு ஓடினாள். கட்டில் காலி.

மொட்டைமாடி. கொட்டும் பனி. விளிம்பில் சூசன்னா.

அவளும் டெர்ரியைக் காதலிக்கிறாள். தான் உயிரோடு இருக்கும்வரை அவன் நன்றிக்கடனில் கட்டுண்டு கிடப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் சாகத் துணிந்தாள். கேண்டி பாய்ந்து தடுத்தாள். தன் காதலுக்குக் குறுக்கே நின்றவள் தானாகவே விலகப் பார்க்கிறாள், அவளைப் போய்த் தடுப்பார்களா? கேண்டி தடுப்பாள். அவள் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். தொழிலுக்கு நர்ஸ். வேறெப்படி நடந்துகொள்வாள்?

சூசன்னாவைக் காப்பாற்றிய கையோடு டெர்ரியையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தாள்.

விடைபெற்றுப் படியிறங்குகிறாள். பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தம். டெர்ரி முதுகுப்புறமிருந்து அணைத்துக்கொள்கிறான். அழுகிறான். நீயும் சந்தோஷமாக இரு, நானும் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துப் பிரிகிறார்கள்.

வில்லன் ஒருவன் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். மூன்று பேருமே நல்லவர்கள். அதுதான் கொடுமை!

இந்தக் கதையை எழுதியவர் கியோகோ மிசுகி. ஒவ்வொரு இதழுக்கும் 400 எழுத்துக்கான கட்டங்கள் போட்ட தாளில் 30 முதல் 50 தாள் வரை, நாவல் போலவே எழுதிக் கொடுப்பார். அதைப் படித்துவிட்டு வரைந்தவர் யுமிகோ இகராஷி. இந்தத் தாள்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

வாசகிகள் மனசைத் தேற்றிக்கொண்டார்கள். கேண்டியின் முதல் காதலன் அந்தோனி குதிரையிலிருந்து விழுந்து செத்தான். உயிர்த்தோழன் ஸ்டியர் போர் விமானத்தோடு போனான். டெர்ரி உயிரோடுதானே இருக்கிறான்? எப்படியும் வந்துவிடுவான்!

1979 மார்ச். கடைசி அத்தியாயம்.

சின்ன வயதில் கேண்டி ஒரு குன்றின்மேல் பார்த்த 'இளவரசன்' யார் என்ற மர்மம் உடைகிறது. அவளுடைய நண்பர் ஆல்பர்ட்! அவளைத் தத்தெடுத்த பணக்கார வில்லியம் மாமாவும் அவரேதான். எல்லா முடிச்சும் அவிழ்ந்தது. சுபம்.

டெர்ரி?

வரவேயில்லை.

மிசுகியைக் குறை சொல்ல முடியாது. கதையின் தொடக்கத்தில் போட்ட முடிச்சைக் கடைசியில் நேர்மையாகவே அவிழ்த்தார். ஆனால் இளவரசன் யார் என்ற கேள்வியை வாசகிகள் எப்போதோ மறந்திருந்தார்கள். படிக்கட்டில் அழுத அந்த இரவிலிருந்து அவர்களுக்கு ஒரே கேள்விதான். டெர்ரி வருவானா, மாட்டானா? அதற்குப் பதில் வராதபோது கடைசிப் பக்கம் மட்டுமா கசக்கும்? முன்னே ரசித்த பக்கங்களும் சேர்ந்து கசந்தன. திரும்பப் புரட்டினால் அந்த ஒருவழி டிக்கெட்டே ஏமாற்று வேலையாகத் தெரிந்தது.

இத்தாலிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவே இல்லை. இந்தக் கதையின் டி.வி. கார்ட்டூனுக்கு டப்பிங் செய்தபோது கடைசி அத்தியாய வசனத்தையே மாற்றினார்கள். டெர்ரியைக் கேண்டியிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்!

டெர்ரியா, ஆல்பர்ட்டா என்று ரசிகைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையை விடப் பெரிய சண்டை ஒன்று ஜப்பானில் மூண்டது.

எழுதியவரும் வரைந்தவரும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

கேண்டிக்கு முகம் கொடுத்தவர் இகராஷி. கதை கொடுத்தவர் மிசுகி. தான் வரைந்த முகத்தைத் தன் இஷ்டப்படி வரைய, ஓவியருக்குக் கதாசிரியரின் அனுமதி வேண்டுமா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2001 அக்டோபரில் தீர்ப்பு.

இருவரில் ஒருவர் வென்றார். ஆனால் கேண்டி புத்தகக் கடைகளிலிருந்தே காணாமல் போனாள்.

எப்படி?

(அடுத்த வாரம்)