ஊசி குத்துவதற்கு முன் போட வேண்டிய ஊசி

1/ வடலூர், நெய்வேலி, குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து சிதம்பரத்துக்கோ வேற ஊருக்கோ எம்.பி.பி.எஸ். படிக்கப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு கேள்வி. ஸ்டெத்தும் வெள்ளைக் கோட்டும் வாங்கிட்டீங்க. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் போட்டாச்சா? அந்த ஊசிக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

2/ மஞ்சள் காமாலை என்பது அறிகுறி மட்டும்தான். அதை உண்டாக்கும் வைரஸ்கள் பல. தண்ணீர், சாப்பாடு வழியா வருபவை பெரும்பாலும் தானே சரியாகிடும். ஹெபடைடிஸ் பி ரத்தம் வழியாவும் பரவும். சிலருக்கு உடம்பிலேயே தங்கி, பல வருஷம் கழிச்சு சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

3/ ரத்தம்னா முதல் ஆபத்து யாருக்கு? ரத்தத்தோடு வேலை செய்பவர்களுக்கு. 1969-70ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டயாலிசிஸ் பிரிவில் இந்த நோய் பரவியது. நோயாளிகளோடு ஊழியர்களும் இறந்தார்கள். அதில் இளம் சர்ஜன்களும் உண்டு. அன்னைக்கு அவர்களுக்குப் போட ஒரு தடுப்பூசி கிடையாது.

4/ வைரஸின் தடயத்தை 1960களில் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் பரூக் பிளம்பர்க். அதற்காக 1976ல் நோபல் பரிசு. 1981ல் அமெரிக்காவில் முதல் தடுப்பூசிக்கு அனுமதி. அது மனித ரத்தத்திலிருந்து தயாரானது. எய்ட்ஸ் பயம் பரவிய காலம், பலர் போடத் தயங்கினாங்க. 1986ல் ஈஸ்ட்டில் தயாரித்த ஊசி வந்ததும் அந்தப் பயத்துக்கு வேலையில்லாமல் போச்சு.

5/ நம்ம கீழாநெல்லிக்கும் இதில் பங்குண்டு. சென்னை ஆய்வாளர்கள் இதே பிளம்பர்க்கோடு சேர்ந்து, வைரஸ் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, 1988ல் லான்செட் இதழில் எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வைரஸின் அடையாளம் மறைந்ததாக முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனா பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கலை. தங்கிவிட்ட வைரஸை அடக்கி வைக்க இன்று மாத்திரை உண்டு. முழுசா விரட்டுவது இன்னைக்கும் அரிது. அதனால வரும் முன் காப்பதுதான் வழி.

6/ 1991ல் அமெரிக்கா சட்டம் போட்டது: ரத்தத்தோடு வேலை செய்யும் ஊழியருக்கு இந்த ஊசியை முதலாளி இலவசமாகத் தரணும். அங்கே 1983ல் சுகாதார ஊழியர்களிடம் வருஷத்துக்குப் பத்தாயிரம் அளவில் இருந்த தொற்று, பிறகு சில நூறாகக் குறைந்தது.

7/ அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை. மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர் இல்லையே! வார்டில் ரத்தம் எடுப்பது அவர்தான், சட்டத்துக்குள் வராததும் அவர்தான். அதனால்தான் கல்லூரிகளே "ஊசி போடாமல் வார்டுக்குள் வராதே" என்று விதி வைக்க ஆரம்பித்தன.

8/ நம்ம நாட்டில் தடை விலைதான். வெளிநாட்டு ஊசி சாமானியருக்கு எட்டாது. 1997ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்தது. விலை மளமளன்னு இறங்கியது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் குழந்தைகளுக்குப் பென்டாவேலன்ட் வந்தது, அதிலும் இது உண்டு. 2018ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் சுகாதாரப் பணியாளருக்கான ஊசியும் சேர்ந்தது.

9/ இன்று கல்லூரியில் இருப்பவர்கள் 2011க்கு முன் பிறந்தவர்கள். சின்ன வயசுல போட்டிருப்போம்னு நம்பி இருந்துடாதீங்க. தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்க.

10/ ஏன் அவசரம்? ஊசி போடாதவருக்கு, இந்த வைரஸ் உள்ள நோயாளியின் ஊசி குத்தினால் தொற்று வர வாய்ப்பு 100ல் 30 வரை. எச்.ஐ.வி.க்கு அது 1000ல் 3தான். மூணு டோஸ் முடிய ஆறு மாசம் ஆகும்: இன்று, ஒரு மாசம் கழிச்சு, ஆறாம் மாசம். வார்டு போஸ்டிங் தொடங்கும் நாளில் ஆரம்பிச்சா பாதி வருஷம் அரைகுறைப் பாதுகாப்பு.

11/ கடைசி டோஸ் முடிந்து 1-2 மாசத்தில் ஆன்டிபாடி அளவு பாருங்க. 10 அல்லது அதற்கு மேல் இருக்கணும். இல்லன்னா டாக்டரிடம் கேட்டு மறுபடி போடணும். ஊசி குத்திட்டா சோப்பு போட்டுக் கழுவுங்க, பிதுக்காதீங்க, உடனே சொல்லுங்க. திட்டுவாங்கன்னு மறைச்சா 24 மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டிய சிகிச்சை கைநழுவிப் போகும்.

12/ பரிசோதனையில் பாசிட்டிவ்னு வந்தால்? படிப்பு முடிஞ்சு போகலை. அந்த ஒரு காரணத்துக்காக மாணவரைப் படிப்பிலிருந்து விலக்கக் கூடாதுன்னு அமெரிக்க சி.டி.சி. 2012லேயே சொல்லிடுச்சு. சோதனை பிள்ளையைக் காப்பாற்றத்தான், வெளியே அனுப்ப இல்லை. தெரிஞ்சவங்க வீட்டுப் பிள்ளை மருத்துவமோ நர்சிங்கோ லேபோ படிச்சா, இதை அனுப்பி வைங்க.