ஓடுதூண்டிலும் மெல்லோட்டமும்

செவிலிமேட்டின் தென்புறத்தே பாலாறு செல்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் அவ்வாறு, கிழக்கே வாயலூரை அடுத்துக் கடலொடு கலக்கின்றது. தறியொலியும் கோயில் மணியும் கேட்டு வளர்ந்த அவ்வூர் மாணவர்க்கு நெய்தல் திணை பெரும்பாலும் ஏட்டளவினதே. கற்பிக்கும் எமக்கும் நிலை அதுவே என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. பெரும்பாணாற்றுப்படையைப் பாடஞ்சொல்லிய ஒருநாள், நெசவாளர் குடியில் பிறந்த மாணவர் ஒருவர், ‘இத்தூண்டில் நிற்பதோ, ஓடுவதோ?’ என வினவினார். ஓடும் இழையின் இயல்பைக் கையால் அறிந்தவர் வினா அது. அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அப்பாட்டு, வழியிடை நிலங்களைக் காட்டுமிடத்துப் பாண்மகன் ஒருவனின் மீன்பிடியை நுணுகி வரைகின்றது. பச்சை ஊன் இட்ட தோற்பை, நெடிய மூங்கிற் கோல், அதிற் கட்டிய நாண், வளைந்த வாயையுடைய இரும்பு, அதனைப் பொதிந்த இரை எனத் தூண்டிலின் உறுப்பெல்லாம் ஆண்டு உள. வாளைமீன் இரையை மட்டும் கவ்விச் செல்ல இரும்பு தனித்து நிற்கின்றது. இதிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. தூண்டில் நிற்கின்றது, மீனே வருகின்றது. மாணவர் வினாவிற்கு இப்பகுதியளவில் விடை ஐயமின்றிக் கிடைத்துவிடுகின்றது.

அதே பாட்டு நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறையையும் பாடுகின்றது. அஃது எவ்வூர் என்பதில் அறிஞரிடையே ஒருமை இல்லை. மாமல்லபுரம் என்பார் பலர். பாலாற்று முகத்தே வசவசமுத்திரத்தில் 1970இல் நிகழ்ந்த அகழாய்வு உரோமச் சாடித் துண்டுகளை வெளிக்கொணர்ந்தமையின், அப்பகுதியையும் புறந்தள்ளுதல் இயலாது. ஆயினும் அத்துறையில் புலவர் காட்டுவன பெருங்கலங்களே. படகோட்டியவாறே இழுத்துச் செல்லும் தூண்டில் அன்று.

பின், ஆழ்கடலில் பெருமீனைப் பரதவர் எங்ஙனம் கொண்டனர்? நற்றிணை 388ஆம் பாட்டு விளக்கொளியில் நள்ளிரவு வேட்டம் போவாரைக் கூறுகின்றது. அவர் கைக்கொண்ட எறியுளியின் கடைப்பகுதியிற் கயிறு கட்டப்பட்டுள்ளது. குறுந்தொகை 304ஆம் பாட்டும் அவ்வுளியைக் கூறும். அகநானூறு 210இல் உலோச்சனார் அதன் விளைவைக் காட்டுகின்றார்: உளி தைத்த மீன் குருதி உமிழ்ந்து, வானவில் போலத் துள்ளி, திரைகளைக் கலக்கி, வலியிழந்து திமில்களின் அருகே வருகின்றது. இவ்வருணனையை உவமையழகிற்காக மட்டுமே பயில்வது எம்மனோர் வழக்கம். அதில் ஒரு தொழில்நுட்பமும் உண்டு. கயிற்றின் ஒரு முனையில் மீனும் மறுமுனையில் திமிலும் இருக்குமாயின், மீன் இழுக்குந்தோறும் திமிலின் கனமும் நீரின் தடையும் அதனைப் பிடித்து நிறுத்தும். இரண்டு பாட்டுகளையும் இணைத்து நோக்குமிடத்து, மீனின் விரைவை அடக்கும் கருவியாகத் திமில் நின்றது என யாம் கருதுகின்றோம். கயிறு பற்றிய சொல் நற்றிணையில் உளதேயன்றி அகநானூற்றில் இல்லை என்பதையும் உடன் கூறுதல் கடமை.

ஓடுதூண்டிலில் நிலைமை தலைகீழாகின்றது. ஈண்டு அடக்கப்பட வேண்டியது படகே. வஞ்சிரம், சூரை முதலிய மீன்கள் ஓடும் இரையைத் துரத்திக் கவ்வுவன. படகின் பின்னே நெடுங்கயிற்றில் இழுபடும் இரை, உயிர்மீன் நீந்துவது போலத் தோன்றுதல் வேண்டும். மிக விரையின் இரை நீர்மேல் எழுந்து சுழலும். மிகத் தளரின் ஆழ்ந்து உயிரற்றதாகும். செயற்கை இரைக்கு மணிக்கு ஏறத்தாழ 4 முதல் 7 கடல்மைலும், இயற்கை இரைக்கு 2 அல்லது 3 கடல்மைலும் ஏற்ற விரைவு என்பர். ஆகவே இத்தொழிலில் திறன் என்பது விரைந்து செல்லுதல் அன்று. காற்று மாறினும் நீரோட்டம் மாறினும் ஒரே மென்னடையைக் காத்தல்.

பாய் விரித்த கட்டுமரத்தில் இதற்கு வழிகள் பல. பாயின் கீழ்முனைக் கயிறாகிய தாமானைத் தளர்த்தினால் காற்று வழிந்தோடும். பாயைத் தாங்கும் பருமலைத் தாழ்த்தலாம்; அணியத்தைக் காற்றின் முகமாகச் சிறிது திருப்பலாம்; துடுப்பை நீரில் அழுத்திப் பிடிக்கலாம். நீரின் தடை விரைவின் இருமடிக்கு ஏற்ப மாறுவது ஆதலின், விரைவு பாதியானால் தடை ஏறத்தாழக் காற்கூறாகும். அதனால் மெல்ல ஓடும் மரத்தைச் சிறு காற்றும் எளிதில் விரையச் செய்துவிடும். கை ஓயாது தாமானிலேயே இருத்தல் வேண்டும். நூலிழுப்பை விரலால் அறியும் நெசவாளர்க்கு இது விளங்கும்.

இச்சொற்களின் வரலாறு தனியே ஆராய்தற்குரியது. சுக்கான் அரபுச் சொல்; தாமான், நங்கூரம் என்பன பாரசீக மூலத்தன. பெருங்கலத்தைத் திருப்பவும் நிறுத்தவும் வேண்டிய சொற்கள் வணிகர் வழியே வந்தன. தூண்டில், வலை, திமில், துடுப்பு என மீன் தொழிலுக்குரியனவோ தமிழாகவே நின்றன. கட்டுமரம் என்பது வெளியேயும் சென்றது. 1697இல் வெளிவந்த பயண நூலில் வில்லியம் டாம்பியர் அதனைச் சோழமண்டலக் கரைக்குரிய பெயராகக் குறித்தார். இன்று அச்சொல் உலகெங்கும் குறிப்பது ஈருடல் கொண்ட வேறொரு கலத்தை என்பது நகைப்பிற்குரியதே.

பொறி வந்தபின் சிக்கல் புதிதாயிற்று. பாயைத் தளர்த்தலாம், பொறியை ஓர் எல்லைக்குக் கீழே தாழ்த்தின் அது நின்றுவிடும். சுழலி ஒரு சுற்றிற்கு 13 அங்குலம் முன்செல்லும் அமைப்பினதாய், நிமிடத்திற்கு 350 முறை சுற்றுமாயின், நீர் வழுக்கலை நீக்கிக் கணக்கிட மணிக்கு 3.7 கடல்மைல் ஆகும். வழுக்கலால் அது குறையும் என்பது மெய்யே. ஆயினும் இயற்கை இரைக்கு அதுவும் மிகையாகலாம். எனவே, வாளியையோ குடைபோன்ற துணிப்பையையோ பின்னே கட்டி இழுத்தல், சுழலியின் பின் தடைப்பலகை பொருத்துதல், இரு பொறியுள் ஒன்றை நிறுத்துதல் ஆகிய வழிகள் உலகின் பல கரைகளிலும் வழங்குகின்றன. வாளி கட்டுவது மிகப் பழைய உத்தி; அதைப் பார்த்துப் பொறியாளர் முறுவலிப்பர், ஆனால் அது பயன்படுகின்றது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையில் கட்டுமரங்கள் அருகிக் கண்ணாடியிழைப் படகுகள் மிகுந்தன. பாயும் அதனொடு தாமானும் வழக்கிலிருந்து அகன்று வருதல் கண்கூடு.

இனிப் பெயர் பற்றி ஒன்று கூறுதல் இன்றியமையாதது. ஆங்கிலத்தில் இவ்வோடுதூண்டில் ட்ரோலிங் எனப்படும். அடிநிலத்தை அரித்து வலையிழுப்பது ட்ராலிங் எனப்படும். ஒலியில் அண்மையவாயினும் தொழிலில் இவை முரண்பட்டன. முன்னதில் கயிற்றின் தடை சிறிது ஆதலின் படகை அடக்க வேண்டும். பின்னதில் வலையே படகைப் பிடித்து நிறுத்துதலின் பெருந்திறன் பொறி வேண்டும். கேரளத்தில் மழைக்காலத்து வலையிழுப்புத் தடையை நாளிதழ்கள் ‘ட்ரோலிங் நிரோதனம்’ என்றே எழுதுகின்றன, தடுக்கப்படுவது மற்றையது. யாழ்ப்பாணத்தார் ‘றோலர்’ என்பதும் வலையிழுக்கும் கலத்தையே. தமிழகத்திலோ இரண்டிற்கும் ‘இழுவை’ என்ற ஒரு சொல்லை வைத்து மொழிபெயர்ப்பாரைக் காண்கிறோம்.

இஃது எழுத்துப் பிழையளவில் நிற்பதன்று. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017 முதல் 61 நாளாக நீண்ட தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உரியது. அதே 2017இல் இலங்கை அடிவலை இழுப்பைச் சட்டத்தால் விலக்கிற்று. பாக்கு நீரிணையில் இழுவைப் படகுகளை ஆழ்கடல் தூண்டிற் படகுகளாக மாற்றும் திட்டமும் அவ்வாண்டே தொடங்கிற்று. வலையை விட்டுத் தூண்டிலுக்கு வருக என்று ஒரு மீனவரிடம் கூறும் அறிக்கை, இரண்டையும் ‘இழுவை’ என எழுதுமாயின் அவர் எதனை விட்டு எதற்கு வருவார்?

‘ஈர்தூண்டில்’ எனலாமோ என முதலிற் கருதினோம்; ஈரம், இரண்டு என்னும் பொருள்கள் குறுக்கிடுதலின் விடுத்தோம். ‘ஓடுதூண்டில்’ வினைத்தொகையாய் முக்காலத்தும் ஓட்டத்தைக் குறிக்கும். பாண்மகனின் நின்ற தூண்டிலினின்றும் அடிவலையினின்றும் ஒருங்கே வேறுபடும். கரையோர் வாய்ச்சொல் இதனினும் சிறந்ததாய் இருப்பின் அதனையே கொள்ளல் தகும். சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லை வரையுள்ள குப்பங்களில் அச்சொல்லைக் கேட்டு எழுதுதல், பாய் கட்டிய தலைமுறையினர் சிலரேனும் உள்ள இப்போதே செய்தற்குரியது. வினா எழுப்பிய மாணவர் அப்பணிக்கு இசைந்துள்ளார்.