நெல்லையில் ஓர் இருட்டுக்கடை

ஓர் ஊரின் பெயரோடு ஒரு தின்பண்டத்தின் பெயர் ஒட்டிக்கொள்வது எளிதன்று. மணப்பாறைக்கு முறுக்கு, திருவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, நெல்லைக்கு அல்வா என மக்கள் பட்டம் சூட்டியுள்ளனர். இவற்றுள் நெல்லை அல்வாவின் வரலாறு, பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்து நீலசந்திராவில் குடியேறிய நம் போன்றோர் ஊன்றி எண்ணத்தக்கது.

அல்வா என்பது தமிழ்ச்சொல் அன்று. இனிப்பு எனப் பொருள்படும் அரபுச் சொல். நெல்லையில் அதனைக் கிண்டி விற்றுப் புகழ் சேர்த்தவர்களும் வடபுலத்து இராசபுத்திர மரபினரே. சொக்கம்பட்டி ஜமீன்தார் வடநாட்டு யாத்திரையில் இச்சுவையில் மயங்கி, சமையல் வல்லாரை உடன் அழைத்து வந்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அம்மரபினரான கிருஷ்ண சிங், 1900ஆம் ஆண்டையொட்டி நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் ஒரு சிறு கடை வைத்தார். மாலை மங்கிய பின் மங்கலான விளக்கொளியில் வாணிகம் நடந்தமையால் மக்கள் அதனை ‘இருட்டுக்கடை’ என்றழைத்தனர். அப்பெயரே நிலைத்தது.

விடுமுறையில் நாம் அக்கடையைக் காணச் சென்றோம். நெல்லைச் சந்திப்பில் இறங்கி, திருவள்ளுவர் பெயர் தாங்கிய ஈரடுக்கு மேம்பாலத்தைக் கடந்து, டவுனை அடைந்தபோது மாலை நான்கரை மணி. கடை திறக்கவில்லை, வரிசையோ நீண்டிருந்தது. பகட்டான பெயர்ப்பலகை இல்லை. கண்ணாடிப் பெட்டிகளின் அணிவகுப்பும் இல்லை. கதவு திறந்ததும் எடை போடுவோர் கை ஓயவில்லை. சுடச்சுட நூறு கிராம் வாங்கி அங்கேயே உண்டோம். மெல்ல வேண்டிய தேவையே எழவில்லை. நாவில் வழுக்கி இறங்கிற்று.

செய்முறை பொறுமையை வேண்டுவது. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, தெளிய வைத்து, மேலே நிற்கும் நீரை வடித்துவிடுவர். அடியில் நின்ற பாலைச் சர்க்கரைப் பாகில் விட்டு, இடைவிடாது கிண்டி, நெய்யைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர். வாங்கிய நெய்யைத் திரும்பக் கக்கும்போது பதம். கிண்டும் கை சற்றே ஓய்ந்தால் அடிபிடிக்கும். சுவைக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர் என்பர் நெல்லை மக்கள். வந்தவர் கைப்பக்குவமும் வாழ வைத்த ஊரின் தண்ணீரும் கலந்ததே அந்த அல்வா!

மணியாச்சியிலிருந்து நெல்லைக்கு இருப்புப்பாதை வந்தது 1876இல். நெய் மிகுந்த பண்டம் சில நாள் கெடாது. ஆதலின் ரயிலேறித் தொலைதூரம் சென்றது. பார்சல்களோடு பழகிய நமக்கு, நெல்லை வண்டியில் வருவோர் பையில் நெய்க்கறை கண்டாலே உள்ளிருப்பது இன்னதென விளங்கிவிடும்.

ஜப்பான் நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. டோராயா என்னும் இனிப்புக்கடை பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோட்டோ நகரில் தோன்றியது. பயறும் சர்க்கரையும் கடற்பாசிச் சத்தும் சேர்த்துச் செய்யும் ‘யோகான்’ அதன் சிறப்புப் பண்டம். அரசவை டோக்கியோவுக்குப் பெயர்ந்தபோது, 1869இல் அக்கடையும் உடன் பெயர்ந்தது. கியோட்டோக் கடையையும் கைவிடவில்லை. புதிய ஊரில் வேர்விட்டது. பழைய ஊரையும் மறக்கவில்லை.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்கின்றனர். “நாம் எந்த ஊர்க்காரர்?” என்று அவர்கள் கேட்கும்போது பெற்றோர் தடுமாறுவதுண்டு. கிருஷ்ண சிங்கின் கடையை அவர்களுக்குக் காட்டலாம். வடக்கேயிருந்து வந்த மரபினரை இன்று எவரும் நெல்லைக்கு அயலார் என எண்ணுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கலப்படமின்றிச் செய்த தொழிலே அவ்வுரிமையைத் தேடித் தந்தது. நாமும் இக்கன்னட மண்ணில் நம் தொழிலால் அத்தகைய நற்பெயரை ஈட்டுவோமாக! வரும் பொங்கலன்று அண்டை வீட்டுக் கன்னட அன்பர்க்கு நெல்லை அல்வா அனுப்புவோம். அவர் வீட்டு மைசூர்பாகு நம் தட்டுக்கு வரும். இரண்டும் இனிப்பே.