கவண்: ஒரு கயிறும் ஒரு கல்லும்

தாலூத்தின் சிறு படை ஜாலூத்தின் பெரும் படையை எதிர்கொண்ட வரலாற்றை நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இளைஞர் தாவூத் (அலை) அவர்கள் கவணில் கல்லை வைத்துச் சுழற்றி எறிந்ததாகவே சொல்லி வருகிறோம். திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 251ஆம் வசனமோ, தாவூத் ஜாலூத்தைக் கொன்றார் என்பதையும், அல்லாஹ் அவருக்கு ஆட்சியையும் ஞானத்தையும் வழங்கினான் என்பதையும் சொல்கிறதே தவிர, எந்தக் கருவியால் என்பதைச் சொல்லவில்லை. கவணும் ஓடையில் பொறுக்கிய கூழாங்கற்களும் சாமுவேல் ஆகமத்தில் வருபவை. நம் விரிவுரையாளர்கள் பலர் அச்செய்தியை எடுத்தாண்டதால் அது நமக்கும் பழக்கமாயிற்று. தாவூத் (அலை) அவர்களின் கைத்தொழிலாகத் திருக்குர்ஆன் குறிப்பிடுவது உடலைக் காக்கும் போர்க்கவசம் செய்தலை. அதை அன்பியா அத்தியாயத்திலும் ஸபா அத்தியாயத்திலும் காணலாம்.

என்றாலும், அந்தக் காலத்து ஆட்டிடையர் கையில் கவண் இருந்திருக்கும் என்பதில் வியப்பேதும் இல்லை. மந்தையை விட்டு விலகும் ஆட்டின் முன்னே கல் விழும்படி எறிந்தால் அது திரும்பிவிடும். ஓநாய் வந்தால் அதன் மேலேயே எறியலாம். எகிப்தின் தூத்தன்காமூன் கல்லறையில் சணல் நூலால் பின்னிய கவண்கள் கிடைத்துள்ளன. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சென்னாகெரிப், பாலஸ்தீனத்தின் லாகீஷ் நகரை முற்றுகையிட்ட காட்சியை நினவே அரண்மனைச் சுவரில் செதுக்கச் செய்தான். இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அச்சிற்பத்தில் கவண் வீரர்கள் வில்லாளிகளுக்குத் துணையாக நின்று கல் எறிகிறார்கள். லாகீஷ் மேட்டைத் தோண்டியபோது அந்தக் கற்களும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. அதே மண்ணில், 1987இல் தொடங்கிய முதல் இன்திஃபாதாவின் நிழற்படங்களில் கவண் சுழற்றும் இளைஞர்களை உலகம் பார்த்தது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துவது நல்லது. கவண் என்றதும் நம் பிள்ளைகள் கவட்டைக் குச்சியில் ரப்பர் பட்டை கட்டிய உண்டிவில்லை நினைத்துக்கொள்கிறார்கள். அது நேற்று வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ரப்பரைப் பதப்படுத்தும் முறை கண்டறியப்பட்ட பிறகே அது பிறந்தது. கவணுக்குக் குச்சியும் இல்லை, ரப்பரும் இல்லை. இரண்டு கயிறுகள், நடுவே கல் அமரும் ஒரு சிறு பை, அவ்வளவே. ஒரு கயிற்றின் முனையில் உள்ள கண்ணியை விரலில் மாட்டி, மற்றதன் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துச் சுழற்றி, உரிய கணத்தில் அந்த முனையை மட்டும் விட்டுவிட வேண்டும். கயிறு கையின் நீளத்தைக் கூட்டிவிடுவதால், கல் கையைவிடப் பன்மடங்கு விரைவாகப் பறக்கும். 1981இல் அமெரிக்காவில் ஒருவர் எறிந்த கல் 437 மீட்டர் தொலைவைக் கடந்து உலகச் சாதனை ஆயிற்று.

அந்த ‘உரிய கணம்’தான் முழு வித்தையும். கண்ணிமைக்கும் நேரம் முந்தினாலும் பிந்தினாலும் கல் பக்கவாட்டில் போகும். புதியவர் எறியும்போது பின்னால் நிற்பவருக்கும் பாதுகாப்பில்லை. வில்லில் நாணை இழுத்துக் கண்ணை ஒட்டிக் குறிபார்க்கலாம். கவணில் அப்படிப் பார்க்க ஏதுமில்லை. குறி தோளிலும் மணிக்கட்டிலும் பழகிப் படிந்திருக்க வேண்டும். பண்டைய அரசர்கள் கவண் வீரர்களை அவசரத்துக்கு உருவாக்கிக்கொள்ள முடியாமல், சிறு வயது முதல் பழகிய மக்களைத் தேடிக் கூலிக்கு அமர்த்தினார்கள். கி.மு. 401இல் பாரசீகத்திலிருந்து பின்வாங்கிய கிரேக்கப் படை, தன்னுள்ளே இருந்த ரோட்ஸ் தீவினரைத் தேடிப் பிடித்து 200 பேர் கொண்ட கவண் அணியை அமைத்ததை, உடனிருந்த செனபோன் எழுதியிருக்கிறார். பாரசீகர் கைநிறையும் பெரிய கற்களை எறிந்தார்கள். ரோட்ஸ் தீவினரோ ஈயக் குண்டுகளை எறிந்ததால் இருமடங்கு தொலைவு எட்டியதாம்.

தமிழ் நிலத்துக்கும் கவண் அந்நியமன்று. சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காப்போர் பரண்மேல் நின்று கிளியையும் யானையையும் விரட்டிய கருவிகளில் கவணும் ஒன்று. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளைப் பட்டியலிடும்போது கல் எறியும் கவணையும் சேர்க்கிறது.

ஆனால் கவண் என்றாலே பண்டைய உலகம் நினைத்த இடம் ஒன்று உண்டு. ஸ்பெயினுக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில் இருக்கும் பலேரிக் தீவுகளே அவை: மயோர்க்கா, மெனோர்க்கா முதலியன. எறிதல் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அத்தீவுகளுக்குப் பெயர் வந்ததாக வரலாற்றாசிரியர் டியோடோரஸ் கருதினார். ஒவ்வொரு வீரனும் மூன்று கவண்கள் வைத்திருப்பானாம். ஒன்றைத் தலையில் சுற்றிக்கொள்வான், ஒன்றை இடுப்பில் கட்டிக்கொள்வான், ஒன்று கையில் இருக்கும். தொலைவுக்கு நீளக்கயிறு, அண்மைக்குக் குறுங்கயிறு, இடைப்பட்டதற்கு நடுத்தரக் கயிறு என்று ஸ்டிராபோ விளக்குகிறார். கோரை, மயிர், விலங்கின் நரம்பு ஆகியவற்றால் அவை திரிக்கப்பட்டன.

அங்கே பிள்ளைகளுக்கு ஆசிரியர் தாய்தான். கம்பத்தின் மேல் ரொட்டியை வைத்துவிட்டு, அதைக் கல்லால் அடித்து வீழ்த்தும் வரை மகனுக்கு உணவில்லை என்பாளாம். பழைய ஆசிரியர்கள் பலர் இதை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கக்கூடும். தொலைதூர மக்களைப் பற்றி விந்தையாக எழுதுவது அக்காலத்தவரின் வழக்கம். ஆயினும் சின்னஞ்சிறு வயதிலேயே பழக்கினால்தான் இந்த வித்தை கைகூடும் என்பதை அக்கதை சரியாகவே பிடித்துவைத்திருக்கிறது.

கார்த்தேஜின் தளபதி ஹனிபால் ரோமின் மீது படையெடுக்கப் புறப்பட்டபோது, 870 பலேரிக் கவண் வீரர்களை ஆப்பிரிக்காவின் காவலுக்கு அனுப்பினார் என்பது அவரே பொறித்துவைத்த சாசனத்தைப் பார்த்து பொலிபியஸ் எழுதிய கணக்கு. கி.மு. 206இல் அவருடைய தம்பி மாகோ தோற்ற படையோடு மயோர்க்காவில் இறங்க முயன்றபோது, தீவினர் தங்களுக்குக் கூலி கொடுத்தவர் என்றும் பாராமல் கல்மழை பொழிந்து கப்பல்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் மெனோர்க்காவுக்குப் போனார். அங்குள்ள மாவோன் துறைமுகத்தின் பெயரில் அவர் பெயர் இன்றும் வாழ்கிறது. கி.மு. 123இல் ரோமானியத் தளபதி மெட்டெல்லஸ், கப்பல் தளத்தின் மேலே தோல்களை விரித்துக் கட்டிக் கல்லுக்குத் தடுப்பு அமைத்த பிறகே தீவுகளை நெருங்கினார்.

இந்தத் தீவுகளின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கி.பி. 902இல் குர்துபாவின் உமையா அமீருக்காக இஸாம் அல்கவ்லானி மயோர்க்காவைக் கைப்பற்றினார். மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக அது ‘மயூர்கா’ என்ற இஸ்லாமிய நாடாக இருந்தது. 1229 டிசம்பர் 31இல் அரகோன் மன்னர் முதலாம் ஜைமேயிடம் அதன் தலைநகர் வீழ்ந்தது. மெனோர்க்கா கப்பம் கட்டிக்கொண்டு 1287 வரை முஸ்லிம் தீவாகவே நீடித்தது. அதன் பின் அங்கிருந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். மயோர்க்காவில் ‘பினி’ என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் அரபியின் ‘பனீ’, அதாவது ‘இன்னாரின் மக்கள்’ என்பதிலிருந்து வந்தவை. தலைநகரான பால்மாவில் ஒரு பழைய அரபுக் குளியலகம் இன்றும் நிற்கிறது.

கவண் ஏந்திய முஸ்லிம்களை வரலாற்று ஏட்டில் நேருக்கு நேர் காண வேண்டுமென்றால் பக்தாதுக்குப் போக வேண்டும். கலீஃபா ஹாரூன் ரஷீத் 809இல் மறைந்தபின் அவருடைய மக்கள் அமீனுக்கும் மஃமூனுக்கும் இடையே மூண்ட போரில், மஃமூனின் தளபதி தாஹிர் இப்னு ஹுஸைன் 812 முதல் 813 வரை பக்தாதை முற்றுகையிட்டார். அமீனின் முறையான படைகள் கலைந்துகொண்டிருந்தன. நகரத்தைக் காக்க எஞ்சியவர்கள் சந்தைக் கூலிகளும், சிறையிலிருந்து வெளிவந்தவர்களும், தெருவில் திரிந்த இளைஞர்களும். உடலில் கவசமில்லாததால் ‘உராத்’, ஆடையற்றவர்கள், என்று அவர்களை அழைத்தார்கள். பேரீச்ச ஓலையும் பாயும் அவர்களின் தலைக்கவசமும் கேடயமும். தோளில் ஒரு பை நிறையக் கற்கள்.

அப்போரிலிருந்து இமாம் தபரி தம் வரலாற்று நூலில் பதிந்துள்ள ஒரு காட்சியை மறப்பது கடினம். தாஹிரின் குராஸானியத் தளபதி ஒருவர், இந்த ஆயுதமற்ற கும்பலைக் கண்டு ஏளனமாகப் பேசி, முழுக் கவசத்தோடு குதிரையேறிக் களத்துக்கு வந்தார். எதிரே வந்தவன் கீல் பூசிய ஒரு பாயைக் கையில் பிடித்திருந்தான். அக்குளில் ஒரு கற்பை. தளபதி அம்பு எய்தார். அது பாயில் தைத்தது அல்லது பக்கத்தில் விழுந்தது. அவன் அதை எடுத்துப் பாயிலேயே செருகிக்கொண்டு, ‘ஒரு தானிக்!’ என்று கூவினான். தானிக் என்பது திர்ஹத்தில் ஆறில் ஒரு பங்கு. அம்பின் விலை அது. அம்பு வரவர அவனும் விலை கூறிச் சேர்த்துக்கொண்டே இருந்தான். அம்புகள் தீர்ந்ததும் தளபதி வாளோடு பாய்ந்தார். அவன் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கவணில் வைத்து வீசினான். அது கண்ணில் பட்டது. இரண்டாவது கல் அவரைக் குதிரையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தது. இவர்கள் மனிதர்களே அல்லர் என்று சொல்லிக்கொண்டு அவர் திரும்பி ஓடினார். செய்தியைக் கேட்ட தாஹிர் சிரித்து, அவருக்குப் போரிலிருந்து விலக்களித்தார்.

இதைப் படிக்கும்போது எளியவனின் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் அதே கும்பல் தன் நகரத்தாரையே கொள்ளையடித்ததையும் அந்த ஏடுகள் மறைக்கவில்லை. கவண் விலையில்லாத படைக்கலம். ஆதலால் யார் கையிலும் அது போய்ச் சேரும்.

கண்ணைப் பற்றிய கவலை நபிமொழியிலேயே உண்டு. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள், ஒருவர் சிறு கற்களைச் சுண்டி எறிவதைக் கண்டு தடுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடை செய்தார்கள் என்றும், இவ்வாறு எறிவதால் வேட்டையும் கிடைக்காது, எதிரியும் வீழமாட்டான், பல்லை உடைக்கவும் கண்ணைப் பறிக்கவுமே அது உதவும் என்றும் எடுத்துச் சொன்னார்கள். பிறகும் அம்மனிதர் எறியக் கண்டபோது, நபிமொழியைக் கேட்டும் இப்படிச் செய்கிறாயே, உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்று கடிந்துகொண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது. இந்த எறிதலுக்கு அரபியில் ‘கத்ஃப்’ என்று பெயர். விரலிடுக்கில் வைத்து எறிவதே அதன் முதற்பொருள். அதே வேரில் பிறந்த ‘மிக்தஃபா’ என்ற சொல்லைக் கவணுக்கும் அகராதி ஆசிரியர்கள் தந்துள்ளார்கள்.

இமாம் புகாரி இதை வேட்டையும் அறுத்தலும் பற்றிய பகுதியில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. கல்லால் அடிபட்டுச் செத்த பறவை உண்ணத் தக்கதா என்பது வீட்டுக்கு வீடு எழுந்த கேள்வி. அடிபட்டுச் செத்ததை அல்மாயிதா அத்தியாயம் 3ஆம் வசனம் விலக்கியுள்ளது. ‘புந்துகா’ எனப்படும் களிமண் உருண்டையால் கொல்லப்பட்டதும் அவ்வகையே என்று இப்னு உமர் (ரலி) கூறினார்கள். (பிற்காலத்தில் துப்பாக்கிக்கு அரபியில் ‘புந்துகிய்யா’ என்ற பெயர் வந்ததும் இந்த உருண்டையிலிருந்துதான்.) கூர்முனை துளைத்துச் சென்றால் உண்ணலாம், அகன்ற பக்கம் மோதிக் கொன்றால் கூடாது என்பது அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களின் கேள்விக்கு நபி (ஸல்) அவர்கள் தந்த விடை. உயிரோடு விழுந்ததை முறைப்படி அறுத்தால் குற்றமில்லை. தோப்பில் கொக்கையும் புறாவையும் கல்லால் அடித்துக்கொண்டு வரும் பையன்களின் தாய்மார் இச்சட்டத்தை அறிந்திருப்பது நல்லது.

இதை வைத்துக் குறிபார்த்து எறிதலையே மார்க்கம் வெறுத்ததாக எண்ணிவிடக் கூடாது. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிடுவதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்மாயீலின் மக்களே எய்யுங்கள் என்று ஊக்கி, ஓர் அணியோடு தாமும் சேர்ந்துகொண்டார்கள். அதனால் மற்ற அணி கையை நிறுத்திக்கொண்டபோது, நான் உங்கள் அனைவரோடும் இருக்கிறேன் என்று சொல்லி ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள். எய்யக் கற்றபின் அதைக் கைவிடுவதையும் அவர்கள் கண்டித்துள்ளார்கள். அதே சமயம், கோழியைக் கட்டிவைத்து அதன்மேல் அம்பெய்து விளையாடிய இளைஞர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டதும் சிதறி ஓடிய செய்தியும் நம்மிடம் உள்ளது. உயிருள்ளதை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்று அப்போது அவர்கள் எடுத்துரைத்தார்கள்.

மயோர்க்காவில் கவண் இப்போது விளையாட்டாகிவிட்டது. ‘ஃபோனா’ என்பது கவணுக்குக் காத்தலான் மொழிப் பெயர். பால்மாவின் அரச தோட்டத்தில் ஒரு கவண் வீரனின் வெண்கலச் சிலை நிற்கிறது. லோரென்ஸ் ரொஸ்ஸெல்யோ வார்த்தது. போட்டிகளில் சதுரமான மரப்பலகையை நிறுத்தி, நடுவே ஒரு வட்டம் வரைந்து, தொலைவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் எறிகிறார்கள். பலர் தங்கள் கவணைத் தாங்களே பின்னிக்கொள்கிறார்கள். கல் பலகையில் பட்டால் ஓசையிலேயே தெரிந்துவிடும். நடு வட்டத்தில் பட்டால் கூடுதல் புள்ளி.