திசைவியும் காப்பறைச் சுவரும்

ஈசூனில் 1980களில் எழுந்த வீவக வீடுகளில் காப்பறை கிடையாது. 1998இல் நடப்புக்கு வந்த சட்டமே புதிய வீடுகளில் அதனைக் கட்டாயமாக்கியது. ‘பாம் ஷெல்டர்’ என்று சொல்லி நாம் பழைய பொருள்களை அடைத்து வைக்கும் அறைதான் அது. கம்பி பின்னிய தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு! குண்டுவெடிப்பைத் தாங்கக் கட்டிய சுவர் வைஃபை அலைகளையும் மறிக்கிறது.

2020 ஏப்ரல் 8ஆம் நாள் பள்ளிகள் முழுமையாக இல்லம்சார்ந்த கற்றலுக்கு மாறின. அச்சுவருக்குப் பின்னால் அமர்ந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டிருக்கும்.

பெற்றோர் திசைவி வாங்குமுன் விலையைவிடச் சுவரையே முதலில் நோக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. ஆயினும் சுவரில் எளிதில் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது, சற்றே கூடுதலாக ஊடுருவும். திசைவியைக் காப்பறைக்குள் வைப்பது வீண். கூடத்தில் ஒன்று, கம்பிவழி இணைத்துப் படிப்பறைப் பக்கம் மற்றொன்று என்பதே என் பரிந்துரை.