போட்டியில்லாத 36 இடங்கள்

சென்ற வாரம் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராக்கின் தெருக்களில் சோவியத் டாங்கிகள் நுழைந்ததோடு நிறுத்தியிருந்தோம். அது 1968 ஆகஸ்ட் 21. திருச்சி கொதிகலன் ஆலையின் குடியிருப்பான கைலாசபுரத்து வீடுகளில் அந்தச் சேதியை யாரோ தூரத்து ஊர்க் கதையாகப் படித்திருக்க முடியாது. ‘பெல்’ என்று திருச்சிக்காரர்கள் சொல்லும் அந்த ஆலை செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியில் எழுந்தது. உற்பத்தி தொடங்கியது 1965இல். தொழில் சொல்லிக் கொடுத்த நாட்டின் சுதந்திரத்தை மூன்றே ஆண்டில் அண்டைநாட்டு ராணுவங்கள் வந்து நசுக்கின.

இந்த வாரம் அதே கைலாசபுரத்திலிருந்து தென்கிழக்கே பார்ப்போம். நேர்கோட்டில் அளந்தால் திருச்சிக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் பக்கம். அங்கேயும் ஒரு அண்டைநாட்டு ராணுவம் போனது. இந்த முறை அது நம் ராணுவம். சுதந்திரத்தை நசுக்கப் போகவில்லை, ஒரு சபையை உண்டாக்கப் போனது. நோக்கம் நேரெதிரானது. முடிவு என்ன ஆனது என்பதுதான் கதை.

1987 ஜூலை 29. கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணையும், மாகாண சபை வரும், தேர்தல் நடக்கும், போராளிகள் ஆயுதத்தைக் கீழே வைப்பார்கள் என்பது ஏற்பாடு. மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிங்களக் கடற்படை வீரர் துப்பாக்கியைத் திருப்பி ராஜீவை அடித்தார். தெற்கின் மனநிலை அந்த ஓர் அடியில் தெரிந்தது. வடக்கிலோ விடுதலைப் புலிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை. ஆக, இரு நாட்டு அரசுகள் சம்மதித்துவிட்டன. வாழப்போகிற இரண்டு தரப்பிலும் முழுச் சம்மதம் இல்லை.

நாமும் வெறும் பரோபகாரத்துக்குப் போகவில்லை. ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்களைப் பார்த்தால் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு எதிராக யாருக்கும் கொடுக்கக் கூடாது, அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடும் சேர்ந்து சீரமைக்கும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. தமிழர் உரிமையும் திருகோணமலைத் துறைமுகமும் ஒரே பையில் போயின.

அந்த ஆண்டு நவம்பரிலேயே இலங்கை அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் நிறைவேறியது. நம் மாநிலங்களை மனத்தில் வைத்து வரைந்த ஏற்பாடு. ஆனால் அதற்குள் அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டுவிட்டது. மாலை போட்டு வரவேற்ற சனமே அமைதிப்படையின் ஷெல்லுக்குப் பயந்து கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒதுங்கியது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் செத்தார்கள். அதற்குப் பிறகு, ஓராண்டு கழித்து, அதே படையின் காவலில் தேர்தல்.

1988 நவம்பர் 19. வடகிழக்கு மாகாண சபைக்கு மொத்தம் 71 இடங்கள். வடக்கின் 36 இடங்களிலும் போட்டியே இல்லை. புலிகள் புறக்கணித்தார்கள்; எதிர்த்து நிற்பவர் உயிரோடு இருப்பது நிச்சயமில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கிக்கொண்டது. இந்தியாவின் ஆதரவு பெற்ற தமிழ் இயக்கங்களான ஈ.பி.ஆர்.எல்.எஃப் 24, ஈ.என்.டி.எல்.எஃப் 12 என்று இடங்கள் நிரம்பின. வடக்கில் ஒரு வாக்குகூடப் பதிவாகவில்லை. கிழக்கில் உண்மையாகவே வாக்குப்பதிவு நடந்தது: 35 இடங்களில் ஈ.பி.ஆர்.எல்.எஃப் 17, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1. டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எஃபின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். தலைநகரம் திருகோணமலை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. அந்த நவம்பரில் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த அரசு இல்லை. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்தார். ஜானகி அம்மாள் அரசு அடுத்த ஜனவரி 30இல் கலைக்கப்பட்டது. அதிலிருந்து ஓராண்டு குடியரசுத் தலைவர் ஆட்சி. கடல் தாண்டி ஒரு தமிழ் மாகாணத்துக்கு முதலமைச்சரை உண்டாக்கிய டெல்லி, கடலுக்கு இந்தப்பக்கத் தமிழ்நாட்டை ஆளுநரை வைத்து ஆண்டுகொண்டிருந்தது. கைலாசபுரத்துக்காரர்கள் வாக்குச்சாவடிக்குப் போனது 1989 ஜனவரி 21இல்தான்.

இன்னொன்று. அந்த மண்ணுக்கு வாக்குச்சீட்டைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இலங்கையில் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது 1931இல். நமக்கு இருபது வருஷம் முந்தி. அங்குள்ள தமிழர்களுக்கு வாக்கு இருந்தது. அதனால் பலன் இல்லை. சுதந்திரம் வந்த கையோடு மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் குடியுரிமை இழந்தார்கள். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி. 1981இல் யாழ்ப்பாணத்தில் மாவட்ட சபைத் தேர்தலுக்கு நாள் குறித்திருந்த அதே வாரத்தில் நூலகம் எரிந்தது. எண்ணிக்கையில் தோற்றே பழகியவர்களிடம் மறுபடி ஒரு பெட்டியை நீட்டினால், பெட்டியைவிட அதை நீட்டுகிற கையைத்தானே பார்ப்பார்கள்?

அந்தக் கை 1989இல் தளர்ந்தது. புதிய ஜனாதிபதி பிரேமதாச ஒருபக்கம் புலிகளோடு பேசினார், மறுபக்கம் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்றார். தனக்குத் துணை இருக்காது என்று தெரிந்த மாகாண அரசு ‘தமிழ் தேசிய இராணுவம்’ என்று ஒன்றை அவசரமாகத் திரட்டியது. பையன்களைத் தெருவிலும் வீட்டிலும் பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கி கொடுத்தார்கள். மக்கள் அரசு என்று பேர் வாங்கிய அரசு, மக்களின் பிள்ளைகளைப் பிடிக்கிற அரசாயிற்று. படை விலக விலக அந்தப் பையன்களில் பலர் புலிகளின் கையில் அழிந்தார்கள். 1990 மார்ச் 1இல் சபை ஈழப் பிரகடனத் தீர்மானம் போட்டது. மார்ச் 24இல் கடைசி இந்தியச் சிப்பாய் திருகோணமலையில் கப்பலேறினார். முதலமைச்சர் அதற்கு முன்பே இந்தியா வந்துவிட்டார். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் திரும்பவே இல்லை. திரும்பியவர்களை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை.

இதே மாதங்களில் பிராக் என்ன ஆனது? 1989 நவம்பர் 17இல் மாணவர் ஊர்வலம். அடிதடி. அடுத்த வாரம் சதுக்கம் நிறைய மக்கள். டிசம்பர் 29இல் நாடகாசிரியர் ஹாவெல் அதிபர். வெளியிலிருந்து எந்தப் படையும் போகவில்லை. வெளியுலகம் செய்தது இரண்டு. 1975 ஹெல்சிங்கி உடன்படிக்கை மனித உரிமை என்ற சொல்லை அந்த அரசையே ஒப்புக்கொள்ள வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 1977இல் ‘சாசனம் 77’ என்ற உரிமை அறிக்கையை வெளியிட்டார்கள். இரண்டாவது, சோவியத் தலைவர் கோர்பச்சேவ் இந்த முறை டாங்கி அனுப்பவில்லை. மற்றதெல்லாம் அவர்களுடைய கை. 1918 முதல் இருபதாண்டு குடியரசாக வாழ்ந்த நினைவும் அவர்களுக்கு இருந்தது.

ஜப்பானில் அமெரிக்கா எழுதித் தந்த அரசியல் சட்டம் நிற்கவில்லையா என்று கேட்பார்கள். நின்றது. ஜப்பானுக்கு 1890 முதலே நாடாளுமன்றம் இருந்தது. சண்டை முடிந்திருந்தது. ஆயுதம் ஏந்திய இன்னொரு தரப்பு உள்ளே இல்லை. யாழ்ப்பாணத்தில் இந்த மூன்றில் முதலாவது மட்டுமே இருந்தது.

அதற்காக 1987ஐ முழு வீண் என்று தள்ளிவிட முடியாது. 13ஆவது திருத்தம் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வடக்கும் கிழக்கும் பிரிந்த பிறகு, 2013 செப்டம்பர் 21இல் வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. 38இல் 30 இடங்களைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. 1988இல் பெட்டியே வராத வடக்கு, கால் நூற்றாண்டு கழித்துத் தானே வரிசையில் நின்று போட்ட வாக்கு அது. அந்தச் சபையின் காலம் 2018இல் முடிந்தது; அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. சட்டத்தை ஒப்பந்தம் போட்டு வாங்கித் தரலாம். அதை நடத்திக் காட்டுவதற்கு அந்தந்த ஊரில் ஆள் வேண்டும்.

கைலாசபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் போனால், துவாக்குடி பக்கம், வாழவந்தான்கோட்டை. ஊர்ப் பெயரே அப்படி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. விமான நிலையத்தை ஒட்டிய கொட்டப்பட்டில் இன்னொன்று. நம் குடியுரிமைச் சட்டத்தின் ஒரு திருத்தம் 1987 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது: அன்று முதல் இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றவர்களில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். கொழும்பு ஒப்பந்தம் கையெழுத்தானது அதே ஜூலை 29இல். இடையில் 28 நாள். அகதிகளுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளின் வாக்கை ஒரு கையால் மூடிவிட்டு, அவர்களின் ஊருக்கு இன்னொரு கையால் வாக்குப்பெட்டி கொண்டுபோனோம்.

அந்தத் தேதிக்குப் பின் முகாமில் பிறந்தவர்களில் பலருக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். திருச்சித் தமிழ் பேசுகிறார்கள். தேர்தலன்று கைலாசபுரத்து வரிசை நகரும்போது, அவர்கள் வழக்கம்போல வேலைக்குப் போகிறார்கள்.

(தொடரும்)